கேட்கும் கல்லும் சொல்லும் கல்லும்

நினைவுச்சின்னம் என்றதும், கடந்த காலத்தை நோக்கித் திரும்பி நிற்கும் ஒரு கல்தான் நம் மனத்தில் தோன்றுகிறது. ஒருவர் பிறந்தார், வாழ்ந்தார், இறந்தார். அதை மறவாதிருக்க ஒரு கல். இந்த எண்ணத்தோடு இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயில் ஒன்றில் நுழைபவர், அங்கே உள்ளவற்றில் பாதியைத் தவறாகப் படித்துவிடுவார். 1540களுக்கு முன் அங்கே வைக்கப்பட்ட கற்களும் தகடுகளும் கண்ணாடிகளும் பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியவை. இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதைவிட, இனி அவருக்காக என்ன செய்யப்பட வேண்டும் என்பதே அவற்றின் பேச்சு. சுருங்கச் சொன்னால், அவை கேட்கும் கற்கள். பின்னர் வந்தவை சொல்லும் கற்கள். இந்த ஒரு வேறுபாட்டை, சஃபோக் கவுண்டியில் லாங் மெல்ஃபர்ட் என்னும் ஊரிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் கொண்டு படிப்படியாக விளங்கிக்கொள்வோம். அவசரமின்றி, புறச்சுவரிலிருந்து தொடங்கி உள்ளே செல்வோம்.

முதலில், பங்கு என்பது யாது? ஒரு குருவின் பராமரிப்பில் அடங்கிய நிலப்பரப்பும் அதில் வாழும் மக்களும் சேர்ந்ததே பங்கு. பெயருக்கேற்ப அதில் உரிமையும் உண்டு, கடனும் உண்டு. இடைக்கால இங்கிலாந்தின் வழக்கப்படி கோயிலைப் பழுதுபார்க்கும் கடன் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பலிபீடம் உள்ள கிழக்குப் பகுதியைப் பேணுவது, தசமபாகம் பெறும் குருவின் பொறுப்பு. மக்கள் நின்று வழிபடும் நடுக்கூடத்தைப் பேணுவது பங்கு மக்களின் பொறுப்பு. அந்த நடுக்கூடத்தை ஆங்கிலத்தில் ‘நேவ்’ என்பர். கப்பலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அதை இணைப்பது மரபு. அந்தக் கப்பல் எவ்வளவு பெரியது என்பதை ஊராரின் பணப்பைதான் தீர்மானித்தது. ஆகவே ஓர் ஆங்கிலப் பங்குக் கோயிலின் நடுக்கூடம் அவ்வூர் மக்களின் பக்தியையும் வருவாயையும் ஒருசேரக் காட்டும் அளவுகோல்.

மெல்ஃபர்டில் அந்த அளவுகோல் வியக்கத்தக்க உயரத்தில் நிற்கிறது. இது ஒரு நகரமன்று. நீண்ட ஒரே தெருவாக அமைந்த ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்டவர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்கள் கம்பளித் துணி நெசவில் செழித்தன. அந்தப் பணத்தைக் கொண்டு 1460களிலிருந்து 1496 வரையிலான காலத்தில் மெல்ஃபர்ட் மக்கள் தங்கள் கோயிலைப் பெரும்பகுதி புதிதாகக் கட்டினர். ‘செங்குத்துப் பாணி’ என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் அழைக்கும் பாணி இது. தூண்களும் சாளரச் சட்டங்களும் நேர்க்கோடாக மேலெழும். சுவர் மெலிந்து சாளரங்களுக்கிடையே வெறும் சட்டகமாகிவிடும். நடுக்கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் வளைவு இங்கே இல்லை. மேற்கு முனையில் நின்று பார்த்தால் 150 அடிக்கு மேற்பட்ட நீளம் தடையின்றிக் கிழக்குச் சாளரம்வரை செல்லும். மேலே இருபுறமும் சாளர வரிசை. கல்லைவிட ஒளிக்கே இக்கட்டடத்தில் இடம் அதிகம் எனலாம்.

இனிப் புறச்சுவருக்கு வருவோம். சஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடையாது. செதுக்கத்தக்க வெளிறிய சுண்ணக்கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிது. அந்த மண்ணில் தாராளமாகக் கிடைப்பது சுண்ணப் பாறை அடுக்குகளுக்குள் உருண்டு திரண்டு கிடக்கும் சக்கிமுக்கிக் கல். வெளித்தோல் வெண்மை, உடைத்தால் உட்புறம் கருங்கண்ணாடிபோலப் பளபளக்கும். தேர்ந்த கைவினைஞர் ஒவ்வோர் உருண்டையையும் தட்டிப் பிளந்து, பளபளக்கும் முகம் வெளியே தெரியும்படி பதிப்பார். வாங்கி வந்த வெண்கல்லைச் சட்டமாகவோ உருவமாகவோ வெட்டி, இடைவெளிகளில் இந்தக் கருமுகங்களை ஒரே தளத்தில் அடைத்தால், சுவரே இருநிறக் கோலமாகிறது. ‘ஃபிளஷ்வொர்க்’ எனப்படும் இந்த வேலைப்பாடு கிழக்கு ஆங்கிலியாவின் சிறப்பு அடையாளம். கல் பஞ்சத்திலிருந்து பிறந்த கலை இது என்பதை மறக்கலாகாது. விலையுயர்ந்த கல்லைச் சிக்கனமாகச் செலவழிக்கும் தேவையிலிருந்தே அதன் அழகு வந்தது.

இருநிறத்தில் கோலம் போட முடிந்தால் எழுத்தும் எழுதலாம் அல்லவா? மெல்ஃபர்டின் தனிச்சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. மேல்வரிசைச் சாளரங்களுக்கு மேலும், பக்கக் கூடங்களின் கைப்பிடிச் சுவரை ஒட்டியும், கிழக்கே உள்ள அன்னை மரியாள் சிற்றாலயத்தைச் சுற்றியும் அக்கால ஆங்கிலத்தில் எழுத்துவரிசைகள் ஓடுகின்றன. வேதவாக்கியங்களை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். அவை பெயர்கள், பெயர்களோடு ஒரு வேண்டுகோள். இன்னாருடைய ஆன்மாவுக்காகவும் அவர் மனைவியருடைய ஆன்மாக்களுக்காகவும் செபியுங்கள், அவருடைய பொருளைக் கொண்டே இந்த வளைவுகள் கட்டப்பட்டன என்னும் பாங்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. நடுக்கூடத்தின் வரிசையில் 1481 என்ற ஆண்டும், மரியாள் சிற்றாலயத்தில் 1496 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. எந்தப் பகுதி யார் பணத்தில் எழுந்தது என்பதற்கு இவற்றைவிட நம்பகமான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இவற்றை நன்கொடைப் பலகை என்று கொள்வது பிழை. நன்கொடைப் பலகை வாசிப்பவரிடம் எதிர்பார்ப்பது மதிப்பை மட்டுமே. இந்த எழுத்துகளோ வாசிப்பவரை ஒரு செயலுக்கு ஏவுகின்றன. அச்செயலின் பொருள் புரிய அக்காலத்தின் நம்பிக்கையை அறிய வேண்டும். பாவம் மன்னிக்கப்பட்டு இறந்தவரும், அப்பாவத்துக்குரிய தண்டனை எஞ்சியிருந்தால், விண்ணகம் சேருமுன் உத்தரிக்கிற தலத்தில் தூய்மை பெற வேண்டும். 1274இல் லியோன் பொதுச்சங்கமும் 1439இல் புளோரன்ஸ் பொதுச்சங்கமும் இதை உறுதிசெய்தன. அங்கே இருக்கும் ஆன்மா தனக்குத்தானே உதவிக்கொள்ள இயலாது. உயிரோடிருப்போர் ஒப்புக்கொடுக்கும் பூசையும் செபமும் தருமமும் அதன் காத்திருப்பைச் சுருக்கும். தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்று கொண்டாடும் நவம்பர் 2 இந்த நம்பிக்கையின் நாள்தான். ஆகவே மெல்ஃபர்டின் சுவரில் தன் பெயரைப் பதித்தவர் புகழை விலைக்கு வாங்கியதாகத் தன்னைக் கருதவில்லை. சாலையில் போகிறவர், சந்தைக்கு வருகிறவர், இன்னும் பிறக்காத பிள்ளை என எல்லாரிடமும் கைநீட்டி உதவி கேட்டார்.

சுவரில் பெயர் பதிக்கப் பணமில்லாதவருக்கும் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். சிறு காணிக்கை செலுத்தினால் அதில் பெயர் சேரும். குரு அதை மக்கள் முன் வாசித்துச் செபிக்கச் சொல்வார். ‘பீட் ரோல்’ என்பது அதன் பெயர். இன்று மணி என்று பொருள்படும் ‘பீட்’ என்ற ஆங்கிலச் சொல் முதலில் செபத்தையே குறித்தது. செபத்தை எண்ண உதவிய மணிக்குப் பின்னர் அப்பெயர் ஏறிற்று. சுவர் எழுத்து பணம் படைத்தோரின் பட்டியல். ஏட்டில் இருந்தது ஊரின் பட்டியல். செய்த வேலை இரண்டுக்கும் ஒன்றே.

இனி, மரியாள் சிற்றாலயத்தின் எழுத்துகளில் இரண்டு இடங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இக்கட்டுமானத்தின் தலைமைப் புரவலர் கென்ட்வெல் மாளிகையின் ஜான் கிளாப்டன். அவர் பெயரோடு ரிச்சர்ட் லவ்டே என்ற பெயரும் வருகிறது. யார் அவர்? கிளாப்டன் வீட்டில் மதுவறையைக் கவனித்த பணியாளர். அவருடைய பொருளும் சேர்ந்தே அச்சுவரின் அரண்வடிவ விளிம்பு கட்டப்பட்டது என்று எழுத்து கூறுகிறது. எஜமானுக்காகச் செபிக்கச் சொல்லும் அதே மூச்சில் பணியாளருக்காகவும் செபிக்கச் சொல்கிறது. எழுத்தின் உயரம் இருவருக்கும் ஒன்று. இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. தந்தை, தந்தையின் மனைவியர், தன் மனைவி, பிள்ளைகள் என்று அடுக்கிய பிறகு, யார் யாருக்காகச் செபிக்க ஜான் கடன்பட்டிருக்கிறாரோ அந்த ஆன்மாக்கள் எல்லாவற்றுக்காகவும் என்று ஒரு தொடர் சேர்க்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாதவர், மறந்துபோனவர், கணக்குத் தீராதவர் அனைவரும் அந்த ஒரு தொடருக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

ஜானுக்கு அப்படிக் கணக்குத் தீராத இறந்தவர் பலர் இருந்தனர் என்பதை வரலாறு காட்டுகிறது. அரியணைக்காக நடந்த ரோஜா யுத்தங்களின்போது, அரசருக்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு ஜான் டி வேர் செய்த சதியில் தொடர்புடையவராக அவரும் கைதானார். பிரபுவும் அவர் மூத்த மகனும் வேறு சிலரும் 1462 பிப்ரவரியில் இலண்டனில் தலை துண்டிக்கப்பட்டு இறந்தனர். கிளாப்டன் மட்டும் எப்படியோ உயிர் தப்பினார். அதன்பின் 35 ஆண்டுகள் வாழ்ந்து 1497இல் மறைந்தார். இந்தக் கோயில் எழுந்தது அந்த 35 ஆண்டுகளுக்குள்தான். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிப்பது நம் வேலையன்று. சுவரில் உள்ள அந்தத் தொடரை இச்செய்தியோடு சேர்த்து வாசித்தால் போதும்.

புறச்சுவரிலிருந்து உள்ளே வந்தால் இதே வேண்டுதல் கண்ணாடியில் தொடர்கிறது. மேல்வரிசைச் சாளரங்களில் இருந்த பதினைந்தாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளில் எஞ்சியவற்றுட் பெரும்பகுதி இப்போது வடக்குப் பக்கக்கூடத்தில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளது. அவற்றில் மண்டியிட்டுக் கைகூப்பிய ஆண்களும் பெண்களும் வரிசையாக இருக்கின்றனர். கிளாப்டனின் உறவினரும் அவர் பழகிய மேன்மக்களும் இவர்கள். நார்ஃபோக் கோமகள் எலிசபெத் டால்பட் அவர்களுள் ஒருவர். பெண்களின் மேலாடையில் குலச்சின்னங்கள் வரையப்பட்டிருக்கின்றன. உடையே பெயர்ப்பலகை. ஆனால் இவர்களில் எவரும் நம்மைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் திரும்பி, செபத்தில் இருக்கிறார்கள். பார்ப்பவர் அவர்களைக் கண்டு வியக்க வேண்டும் என்பதைவிட, அவர்களோடு சேர்ந்து மண்டியிட வேண்டும் என்பதே இந்த அமைப்பின் குறிப்பு. கிளாப்டன் குடும்பத்துப் பெண்களின் பித்தளைத் தகடுகளிலும் இப்படித்தான். பட்டாம்பூச்சிச் சிறகுபோல் விரிந்த மெல்லிய முக்காட்டை வண்ணம் ஏதுமின்றி வெறும் கீறல்களாலேயே காட்டிய செதுக்குநரின் திறமை நம்மை நிறுத்துகிறது. கூப்பிய கைகளோ நம்மை வேறெங்கோ அனுப்புகின்றன.

அடுத்த அடுக்கு, கிளாப்டனின் சொந்தக் கல்லறை. பீடப்பகுதியின் வடகிழக்கில் அவருடைய ‘சாண்ட்ரி’ சிற்றாலயம் உள்ளது. பாடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இறந்தவர் ஒருவரின் ஆன்மாவுக்காகக் குரு ஒருவர் தொடர்ந்து பூசை பாடுவதற்கென ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளையையும் அதற்கான இடத்தையும் அது குறிக்கும். சுவரின் மேல்விளிம்பில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவியும் கவிஞருமான ஜான் லிட்கேட்டின் செய்யுள்கள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. இச்சிற்றாலயத்துக்கும் பெரிய பீடத்துக்கும் நடுவே உள்ள சுவரைத் திறந்து, அந்தத் திறப்பில் கல்லறையை வைத்திருக்கிறார்கள். பளபளப்பாக மெருகேற்றப்பட்ட பர்பெக் கல்லாலான பெட்டி அது. மேலே படுத்த உருவமில்லை. மேற்பரப்பு வெறுமையானது, மேசைபோல் தட்டையானது. மேலுள்ள விதானத்தில் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவும், மண்டியிட்ட ஜானும் அவர் குடும்பமும் ஓவியமாக உள்ளனர்.

இவ்வளவு செல்வம் படைத்தவர் தம் கல்லறைமேல் ஏன் ஓர் உருவத்தை வைக்கவில்லை? இடத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். பலிபீடத்தின் வடபுறம் என்பது ‘பாஸ்கா கல்லறை’க்கு உரிய இடம். புனித வெள்ளியன்று நற்கருணையையும் சிலுவையையும் அங்கே அடக்கம் செய்வதுபோல் வைத்து, மெழுகுவர்த்திகள் ஏற்றி இரவும் பகலும் காவல் காத்து, உயிர்ப்பு ஞாயிறு விடியலில் எடுத்துச் செல்வது அக்கால வழிபாடு. கிளாப்டனின் கல்லறை அந்தச் சடங்குக்கான மேடையும் ஆகும். மேற்பரப்பு வெறுமையாக இருந்தது இதற்குத்தான். ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் கிறிஸ்துவின் கல்லறை முன் மண்டியிடும்போது, அதன் அடியிலே ஜான் கிளாப்டனும் கிடப்பார். செபம் கேட்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் ஏது? எழுத்தால் கேட்டது போதாதென்று, கட்டடத்தின் அமைப்பாலேயே கேட்கிறார். கல்லறை இங்கே வழிபாட்டின் ஓர் உறுப்பு. வழிபாடு மாறினால் அதன் பொருளும் போய்விடும்.

இங்கிலாந்து ரோமையிடமிருந்து பிரிந்த மதச் சீர்திருத்தத்தில் வழிபாடு மாறியது. 1539இல் மெல்ஃபர்டின் நிலவுடைமையைக் கொண்டிருந்த பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடம் கலைக்கப்பட்டது. 1547இல் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் சாண்ட்ரி அறக்கட்டளைகள் அனைத்தும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, அவற்றின் சொத்துகள் அரசுக்குச் சென்றன. பாஸ்கா கல்லறைச் சடங்கு நின்றது. இறந்தோர் பெயர்ப்பட்டியல் வாசிப்பதும் நின்றது. 1552இன் செபப்புத்தகத்தில் இறந்தவருக்காக வெளிப்படையாக மன்றாடும் பகுதிகள் இல்லை. உத்தரிக்கிற தலம் பற்றிய போதனை வேதாகமத்தில் வேரற்றது என்பது ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளுள் ஒன்றாயிற்று. இறந்தவரின் நிலை இறந்த கணத்திலேயே முடிவாகிவிட்டது என்றால், அவருக்காக இனி எவரும் எதுவும் செய்வதற்கில்லை. ‘எனக்காகச் செபியுங்கள்’ என்ற வேண்டுகோள் ஒரே தலைமுறைக்குள் பொருளற்றதாகவும், ஆபத்தானதாகவும் ஆகிவிட்டது. நாடெங்கும் பல கோயில்களில் அத்தொடர் பொறித்த பித்தளைத் தகடுகள் பெயர்க்கப்பட்டன. தளக்கல்லில் தகடு இருந்த குழி மட்டும் எஞ்சியது. மெல்ஃபர்டின் சுவர் எழுத்தோ கட்டடத்தின் எலும்போடு கலந்தது, உயரத்தில் இருந்தது. அது தப்பிவிட்டது.

இந்த மாற்றத்தின் நுட்பமான கோடு 1560ஆம் ஆண்டு அரச அறிவிப்பு ஒன்றில் தெளிவாகக் கிழிக்கப்படுகிறது. கல்லறைகள் கண்டபடி உடைக்கப்படுவதைக் கண்ட முதலாம் எலிசபெத் அரசி, அதைத் தடைசெய்து ஆணையிட்டார். மூடநம்பிக்கைக்காக அமையாமல் நினைவுக்காக மட்டுமே அமைந்த சின்னங்களை உடைக்கலாகாது என்பது அந்த ஆணையின் சாரம். இங்கே கவனிக்க வேண்டியது, நினைவு என்பது தனியொரு வகையாகப் பிரித்தெடுக்கப்படுவதுதான். அதற்கு முன் நினைத்தலும் செபித்தலும் ஒரே செயலின் இரு பக்கங்கள்; ஒருவரை நினைப்பது என்றாலே அவருக்காக மன்றாடுவது. 1560க்குப் பின் செபம் நீங்கிய தூய நினைவு சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுகிறது. இன்று நாம் கொண்டிருக்கும் ‘நினைவுச்சின்னம்’ என்ற கருத்தின் ஆங்கிலப் பிறப்பிடம் இந்தப் பிரிவினையில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் புதிய கருத்து கல்லில் எப்படி இருக்கும் என்பதைக் காண நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. கிளாப்டன் கல்லறைக்கு எதிரே, பீடத்தின் தென்புறம், சர் வில்லியம் கார்டெலின் கல்லறை நிற்கிறது. அவர் வழக்கறிஞர், 1558இல் மேரி அரசியின் நாடாளுமன்றத்தில் சபாநாயகர், ‘மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ்’ என்னும் உயர்ந்த நீதிப் பதவியை இரு அரசியரின் காலத்திலும் வகித்தவர், 1578இல் எலிசபெத் அரசியை மெல்ஃபர்ட் மாளிகையில் விருந்தினராக ஏற்றவர், 1581இல் மறைந்தார். தூண்களும் வளைவுகளும் தாங்கும் கூரையின் கீழ் அவருடைய அலபாஸ்டர் உருவம் படுத்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் சட்ட ஏடுகளோடு இருந்தவர் இங்கே முழுக் கவசம் அணிந்திருக்கிறார். சுற்றியுள்ள மாடங்களில் நான்கு பெண்ணுருவங்கள்: விவேகம், நீதி, நிதானம், மனவலிமை. புனிதர்கள் இருந்திருக்கக்கூடிய இடத்தை அவருடைய குணங்கள் பிடித்துக்கொண்டன.

கார்டெல் அறச்சிந்தை அற்றவரல்லர். ஆலயத்தின் முன்னே 1573இல் 12 முதியவர்களுக்காக அவர் நிறுவிய தரும இல்லம் இன்றும் நிற்கிறது. ஆனால் நூறாண்டுக்கு முன் கட்டப்பட்டிருந்தால், அங்கே தங்கியவர்களின் முதற்கடன் நிறுவியவரின் ஆன்மாவுக்காக நாள்தோறும் செபிப்பதாக இருந்திருக்கும். அந்தக் கைம்மாறு இப்போது சட்டத்துக்குள் இல்லை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே நன்றி எஞ்சியது; பரிமாற்றம் மறைந்தது. இரு கல்லறைகளையும் மாறி மாறிப் பார்த்தால் இதுவே தெரியும். வடபுறத்துக் கல் நம்மிடம் ஒன்று கேட்கிறது. தென்புறத்துக் கல் நம்மிடம் ஒன்று சொல்கிறது. இரண்டுக்கும் இடையே பீடப்பகுதியின் அகலமும் ஏறத்தாழ 85 ஆண்டுகளும் உள்ளன.

இனி இந்த விளக்கத்தின் மையத்துக்கு வருகிறோம். கேட்பதற்குப் பெயர் மட்டும் போதும். ‘ரிச்சர்ட் லவ்டேக்காகச் செபியுங்கள்’ என்று சொல்ல, அவர் யார், என்ன சாதித்தார் என்பது தேவையில்லை. மாறாக, உதவி வேண்டும் அளவுக்கு அவர் குறையுள்ளவர் என்பதே அதற்குரிய தகுதி. அந்தத் தகுதி எல்லாருக்கும் உண்டு. சொல்வதற்கோ செய்தி வேண்டும். பதவி, வீரம், குலம், நற்குணம் என்று ஏதேனும் இருந்தால்தான் கல்லுக்குப் பேச்சு வரும். எனவே செபம் நீங்கிய நினைவு, தன்னையறியாமலே தேர்ந்தெடுக்கும் நினைவாகிவிட்டது. கோயிலின் உட்புறத்தில் பணியாளர் ஒருவர் எஜமானோடு சமமாகப் பெயர் பெறுவது அதன்பின் அரிதாயிற்று. பணம் முன்பும் வேண்டியிருந்தது என்பது உண்மைதான். லவ்டேயும் வெறுங்கையோடு சுவரில் ஏறவில்லை. ஆனால் ஏழைக்குக் கதவு திறந்து வைத்த பெயர்ப்பட்டியலும் வாசிக்கப்படாமல் போனதே, அந்த இழப்புக்கு ஈடு உடனே வரவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கோயில் தோட்டங்களில் நடுத்தர மக்களுக்கும் தலைக்கற்கள் பெருகத் தொடங்கிய பிறகே எளிய பெயர்கள் மீண்டும் கல்லைக் கண்டன.

இம்மாற்றத்தை அனுபவித்தவர் ஒருவரின் குரலும் மெல்ஃபர்டிலேயே கிடைக்கிறது. ரோஜர் மார்ட்டின் என்பவர் இவ்வூர்க் கனவான், பழைய விசுவாசத்தைக் கைவிடாதவர், 1615இல் மறைந்தார். தம் இளமையில் கண்ட கோயிலை அவர் முதுமையில் எழுதிவைத்தார். பொன் பூசிய பீடப் பின்சித்திரம், சிலுவை மேடையில் இருந்த இசைக்கருவி, பாஸ்கா கல்லறைமுன் மெழுகுவர்த்திகள் நிறுத்தத் துளையிட்ட மரச்சட்டம் என ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தோடு சொல்கிறார். கிளாப்டன் கல்லறையின் வெறுமையான மேற்பரப்பு ஏன் என்பது அவருடைய குறிப்பால் உறுதிப்படுகிறது. தம் குடும்பத்துப் பீடத்திலிருந்து எடுத்த பாடுகளின் சித்திரம் ஒன்று சிதைந்த நிலையில் தம் வீட்டில் இருப்பதையும், வாரிசுகள் அதைச் செப்பனிட்டு ஒருநாள் மீண்டும் கோயிலில் வைப்பார்கள் என்ற நம்பிக்கையையும் அவர் பதிவு செய்கிறார். அந்த எழுத்தும் ஒருவகை வேண்டுகோளே. சட்டம் கல்லில் தடுத்ததை அவர் தாளில் கேட்டார்.

வேறு சிலர் மண்ணை நம்பினர். ஞானியர் மூவர் குழந்தை இயேசுவை வணங்கும் அலபாஸ்டர் புடைப்புச் சிற்பம் ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் கோயில் தளத்தின் அடியிலிருந்து கிடைத்தது. மரியாள் கட்டிலில் சாய்ந்திருக்க, கட்டிலின் அடியிலிருந்து இரு மாடுகள் எட்டிப்பார்க்கும் பதினான்காம் நூற்றாண்டு வேலை. உடைக்க வருவோரிடமிருந்து காக்கப் புதைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. சிற்றாலயத்துக்கும் வேறு வாழ்க்கை அமைந்தது. செபம் கேட்டுக் கட்டிய மரியாள் சிற்றாலயம் பின்னர் ஊர்ப்பிள்ளைகளின் பள்ளியாயிற்று. பெருக்கல் வாய்பாடு ஒன்று இன்றும் அதன் சுவரில் இருக்கிறது. கோபுரம்கூட அப்படியே. பழையது 1710ஐ ஒட்டி இடிவிழுந்து அழிய, செங்கல் கோபுரம் எழுந்தது. அதை உள்ளே வைத்துச் சக்கிமுக்கியும் கல்லுமாகப் போர்த்தி, 1903இல் இன்றைய உருவத்தைத் தந்தவர் கட்டடக்கலைஞர் ஜி. எஃப். போட்லி. பழைய சுவரோடு புதியது இசையும்படி, கிளாப்டன் காலத்து ஃபிளஷ்வொர்க்கையே அவரும் கையாண்டார்.

கேட்கும் வழக்கம் முற்றிலும் இறந்ததா என்றால், இல்லை. முதல் உலகப் போரில் ஒவ்வொரு பங்கும் தன் இளைஞர்களை இழந்தபோது, பெயர்களை எழுதிவைப்பதோடு மக்களின் மனம் அடங்கவில்லை. 1917இல் ஆங்கிலத் திருச்சபை வெளியிட்ட பொதுவழிபாட்டுச் செபங்களில் இறந்தோருக்கான மன்றாட்டு மீண்டும் இடம்பெற்றது. அதே காலத்தில் எழுந்த போர் நினைவுக்கற்களில் பதவி வேறுபாடின்றி அகரவரிசையில் பெயர்கள் பொறிக்கும் வழக்கம் பரவியதும் சிந்திக்கத்தக்கது. பெயர் மட்டுமே போதுமானதாக இருந்த ஒரு காலம் சற்றே திரும்பி வந்ததுபோல.

எனவே இத்தகைய கோயிலுக்குச் செல்பவர், ஒவ்வொரு சின்னத்தின் முன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இது என்னிடம் எதையாவது செய்யச் சொல்கிறதா, அல்லது எதையாவது அறியச் சொல்கிறதா? இதில் பெயர் பெற ஒருவருக்கு என்ன தகுதி வேண்டியிருந்தது? விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு சமூகம் தன் இறந்தவர்களுள் எவரையெல்லாம் பெயர் சொல்லி நினைக்கிறது என்பது அதன் நன்றியுணர்வை மட்டும் பொறுத்ததன்று. இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் இன்னும் ஏதேனும் செய்ய முடியும் என்று அச்சமூகம் நம்புகிறதா என்பதைப் பொறுத்தது. அப்படி நம்பும்வரை, மதுவறைப் பணியாளரின் பெயருக்கும் சுவரில் இடம் இருந்தது.